உதைபந்தாட்டத்தில் ஓர ஆட்டக்காரர்: திறன்களும் பயிற்சியும்

பாடசாலையொன்றின் உதைபந்தாட்ட அணி தெரிவுசெய்யப்படும்போது, ஓட்டப்போட்டியில் முதலிடம் பெற்ற மாணவனைக் களத்தின் ஓரத்தில் நிறுத்துவது பலவிடங்களிற் காணப்படும் வழக்கமாகும். அவனுக்கு இடப்படும் கட்டளையும் சுருக்கமானது. பந்து வந்ததும் கோட்டோரமாக ஓட வேண்டும். ஓடி முடிந்ததும் நடுவே உதைக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இக்கட்டளை நற்பயன் தருவது போலவே தோன்றும். ஏனைய சிறுவர்களிலும் முந்தி வளர்ந்துவிட்ட ஒருவன் அவ்வயதில் எவரையும் ஓடிக் கடந்துவிடுவான். ஆயின் பதினாறு, பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்து அவனுக்கு நிகரான வேகத்தை எய்திவிடுகின்றனர். அப்போது அவனிடம் எஞ்சியிருப்பது யாது? வேகத்தையன்றி வேறெதனையும் எவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லையாதலின், நேற்றுவரை அணியின் நம்பிக்கையாக விளங்கியவன் இன்று அணிக்கு வெளியே நிற்கின்றான்.

இந்நிலை தவிர்க்கக்கூடியது என்பதே எமது கருத்து. ஓரத்தில் ஆடுபவருக்கு உண்மையில் வேண்டப்படும் திறன்கள் யாவை, அவற்றைப் பயிற்சியினால் எவ்வாறு வளர்க்கலாம் என்பவற்றைச் சில புகழ்பெற்ற ஆட்டக்காரரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலத்திற் சிறகு எனப் பொருள்படும் சொல்லினடியாக 'விங்கர்' என வழங்கப்படுபவரை நாம் இங்கு ஓர ஆட்டக்காரர் என்றே குறிப்பிடுவோம். பழைய இலக்க முறையில் 7ஆம், 11ஆம் இலக்கச் சட்டைகளை அணிந்து, முன்வரிசையின் இரு புறங்களிலும் நின்றவர் இவரே.

களத்தின் அமைப்பும் ஓரத்தின் பயனும்

ஓர ஆட்டக்காரரின் பணியை விளங்கிக்கொள்வதற்குக் களத்தின் அளவுகளை முதலில் நோக்குதல் வேண்டும். சர்வதேச ஆட்டங்களிற் பெரிதும் பயன்படும் களம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உடையது. கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம் 7.32 மீற்றர். தண்டனைப் பரப்பின் அகலம் 40.32 மீற்றர். எனவே தண்டனைப் பரப்பின் விளிம்புக்கும் பக்கக்கோட்டுக்கும் இடையே ஒவ்வொரு புறத்திலும் ஏறத்தாழ 14 மீற்றர் அகலமான நிலத்துண்டு எஞ்சுகின்றது. இதுவே ஓர ஆட்டக்காரரின் மரபுவழி நிலம்.

இந்நிலத்திலிருந்து நேரே கோல் அடிப்பது அரிது. அவ்வாறாயின் அங்கு ஒருவரை நிறுத்துவதனால் விளையும் பயன் என்ன? முதலாவது பயன், எதிரணியின் பின்வரிசை விரிந்து நிற்கவேண்டி நேர்வதாகும். ஓரத்தில் ஒருவர் நின்றால் அவரைக் கவனிக்க எதிரணியினர் ஒருவரும் அங்கே செல்ல வேண்டும். பின்வரிசையினர் நால்வரும் ஒருவரையொருவர் நெருங்கி நின்றால் அவர்களிடையே பந்தைச் செலுத்த இயலாது. விரிந்து நின்றால் இடைவெளிகள் தோன்றும். ஆகவே பந்தைத் தொடாமலே ஓர ஆட்டக்காரர் தம் அணிக்கு நடுக்களத்தில் இடம் உண்டாக்கிக் கொடுக்கின்றார்.

இரண்டாவது பயன், எதிரணியின் பின்புறத்தை அடைவதாகும். ஓரமாகச் சென்று கோல் கோட்டை அண்மித்த ஒருவர் பந்தைப் பின்னோக்கி நடுவே அனுப்பும்போது பின்வரிசையினர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். அவர்கள் தம் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பர். பந்தைப் பார்த்தால் தமக்குப் பின்னால் வரும் எதிரியைப் பார்க்கவியலாது. எதிரியைப் பார்த்தால் பந்தைப் பார்க்கவியலாது. அன்றியும், பந்துக்குச் சமமாகவோ பின்னாலோ நிற்பவர் ஓவ்சைட் ஆகார் என்பது விதி. ஆகையாற் கோல் கோட்டிலிருந்து பின்னோக்கி அனுப்பப்படும் பந்துக்கு அவ்விதியும் தடையாவதில்லை.

ஓரத்திற்கு ஒரு குறையும் உண்டு. நடுக்களத்தில் நிற்பவர் எப்புறமும் திரும்பலாம். ஓரத்தில் நிற்பவருக்கோ ஒரு புறம் பக்கக்கோடு சுவராக நிற்கின்றது. தேர்ந்த பின்வரிசை ஆட்டக்காரர் அக்கோட்டைத் தமக்குத் துணையாகக் கொண்டு எதிரியை அதனருகே ஒதுக்கிவிடுவார். இக்குறையை வெல்வதற்கான வழிகளே ஓர ஆட்டக்காரரின் திறன்கள் எனலாம்.

வரலாறு கற்பிப்பன

1925ஆம் ஆண்டில் ஓவ்சைட் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்னர் முன்செல்லும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். திருத்தத்தின் பின்னர் இருவர் போதுமாயிற்று. அதே ஆண்டில் ஆர்சனல் கழகத்தின் பொறுப்பை ஏற்ற ஹேர்பேட் சப்மன் தம் அணியின் அமைப்பைப் புதிய விதிக்கேற்ப மாற்றினார். அவருடைய ஓர ஆட்டக்காரர் கோட்டோடு ஒட்டிநின்று பந்தை நடுவே அனுப்புவதோடு அமையாது, உள்ளே வெட்டிச் சென்று தாமே கோல் அடித்தனர். 1932-33 பருவகாலத்து லீக் ஆட்டங்களில் இடப்புறத்துக் கிளிவ் பாஸ்ரின் 33 கோல்களையும் வலப்புறத்து ஜோ ஹியூம் 20 கோல்களையும் பெற்றமை இதற்குச் சான்றாகும். ஓர ஆட்டக்காரர் உள்ளே வெட்டிச்செல்வது அண்மைக்காலப் புதுமை என எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஓர ஆட்டத்தின் முதற் பெரும் ஆசானாகக் கொள்ளத்தக்கவர் ஸ்ரான்லி மத்தியூஸ். 1915ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹான்லியிற் பிறந்த இவருடைய தந்தையார் முடிதிருத்துநர், குத்துச்சண்டை வீரருமாவார். அவருடைய கண்டிப்பின்கீழ் அதிகாலையில் உடற்பயிற்சி செய்யும் வழக்கம் மத்தியூசுக்கு இளமையிலேயே ஏற்பட்டது. புகைத்தலையும் மதுவையும் அவர் அறவே விலக்கினார். 1956இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் இவரே. அப்போது அவருக்கு வயது 41. தம் இறுதி லீக் ஆட்டத்தை அவர் 1965இல், ஐம்பதாவது வயதில் ஆடினார்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஐம்பது வயதினர் ஒருவர் இருபது வயதினரை நீண்ட ஓட்டத்தில் வெல்லுதல் இயலாது. ஆகவே மத்தியூசின் வெற்றிக்கு ஓட்டவேகம் மாத்திரம் காரணமாக இருந்திருக்க முடியாது. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு அவர் எதிரியை மெதுவாக அணுகுவார். உடலை இடப்புறம் சாய்ப்பார். எதிரி அச்சாய்வுக்கு இணங்கித் தம் பாரத்தை ஒரு காலில் ஊன்றிய கணத்தில், பந்தை வலப்புறம் தள்ளிச் சில அடி தூரம் பாய்ந்துவிடுவார். அவர் வளர்த்துக்கொண்டது குறுந்தூரப் பாய்ச்சல், நெடுந்தூர ஓட்டமன்று. அணுகும் வேகத்துக்கும் பாயும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடே எதிரியைத் தோற்கடித்தது. இதனை நாம் வேகமாற்றம் எனக் குறிப்பிடலாம்.

1953 மே 2ஆந் திகதி வெம்பிளியில் நடைபெற்ற எவ்.ஏ. கிண்ண இறுதியாட்டம் 'மத்தியூஸ் இறுதியாட்டம்' என்றே வழங்கி வருகின்றது. போல்ரன் அணி 3-1 என முன்னணியில் நிற்க, மத்தியூசின் பிளக்பூல் அணி இறுதிக் கட்டத்தில் மூன்று கோல்களைப் பெற்று 4-3 என வென்றது. வெற்றிக்கோலை அடித்தவர் பில் பெரி. பந்தை அனுப்பியவர் மத்தியூஸ். ஆயினும் இவ்வாட்டத்தைப் புகழ்வோர் பலர் ஓர் உண்மையைக் கூறாது விடுகின்றனர். போல்ரன் அணியின் இடப்புறத்து எரிக் பெல் தொடக்கத்திலேயே காயமுற்றார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அக்காலத்தில் இடமில்லை. மத்தியூசை எதிர்கொண்ட றால்வ் பாங்ஸ் தசைப்பிடிப்பால் அவதியுற்றார். அவ்வணியின் இடப்புறம் தளர்ந்துவிட்டதை உணர்ந்து பிளக்பூல் அணியினர் மத்தியூசுக்கே பந்தை மீண்டும் மீண்டும் அளித்தனர். இதனால் மத்தியூசின் பெருமை குறைந்துவிடாது. எதிரணியின் தளர்ந்த இடத்தைக் கண்டறிதலும், அணி முழுவதும் அதற்கேற்ப ஆடுதலும் ஓர ஆட்டத்தின் பகுதிகளே என்பது இதனாற் பெறப்படுகின்றது.

மத்தியூசுக்கு அடுத்து நாம் நோக்கவேண்டியவர் பிறேசிலின் கரிஞ்சா. 1933இல் பாவ் கிராண்டி என்னும் ஆலைக் கிராமத்திற் பிறந்த இவருடைய கால்கள் வளைந்தவை. ஒருகால் மற்றதிலும் குட்டையானது. 1958ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிற் பிறேசிலின் முதலிரு ஆட்டங்களில் இவர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மூன்றாவது ஆட்டத்தில், சோவியத்து ஒன்றியத்துக்கெதிராக, பெலேயும் இவரும் ஒருங்கே களமிறங்கினர். சுவீடனுக்கெதிரான இறுதியாட்டத்தில் முதற் கோலைச் சுவீடனே பெற்றது. அதன் பின்னர் வாவா அடித்த இரு கோல்களும் ஒன்றினைப் பார்த்து ஒன்று வரைந்தாற் போன்றவை. இருமுறையும் கரிஞ்சா வலப்புறமாகத் தம் எதிரியைக் கடந்து, கோல் கோட்டினருகே சென்று, பந்தைத் தாழ்வாக நடுவே அனுப்பினார். பிறேசில் 5-2 என வென்றது. 1962இற் பெலே காயமுற்று விலகியபோது, காலிறுதியில் இங்கிலாந்துக்கெதிராக இரண்டும் அரையிறுதியிற் சிலிக்கெதிராக இரண்டுமாகக் கோல்களை அடித்துக் கிண்ணத்தை மீண்டும் பிறேசிலுக்குப் பெற்றுத்தருவதில் முதன்மையாக நின்றவரும் இவரே.

கரிஞ்சா பெரும்பாலும் வலப்புறமாகவே செல்வார் என்பது எதிரணியினர் யாவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவரைத் தடுக்க முடியாமற் போனது ஏன்? எத்திசையிற் செல்வார் என்பதை அறிந்தவர்கள், எக்கணத்திற் செல்வார் என்பதை அறியார். அவர் பந்தருகே அசைவற்று நிற்பார். பாய்வதுபோற் காட்டி நின்றுவிடுவார். மீண்டும் பாய்வதுபோற் காட்டுவார். எதிரியின் சமநிலை குலைந்தபின் மெய்யாகவே பாய்வார். எனவே பல வித்தைகளைக் கற்பதிலும், ஒரு வித்தையை உரிய கணத்திற் செய்யக் கற்பதே மேலானது என்பதை அவருடைய ஆட்டம் உணர்த்துகின்றது.

அதே அணியின் இடப்புறத்தில் ஆடிய சகாலோ முற்றிலும் வேறுவகையானவர். பந்தை இழந்ததும் அவர் நடுக்களத்திற்குத் திரும்பி வந்து பாதுகாப்பிற் பங்கு கொண்டார். 'சின்ன எறும்பு' என அவர் அழைக்கப்பட்டமை பொருத்தமானதே. வலப்புறத்திற் கரிஞ்சா சுதந்திரமாக ஆடியதற்கு இடப்புறத்திற் சகாலோ உழைத்தமை ஒரு காரணமாகும். பிற்கால ஓர ஆட்டக்காரர் அனைவரிடமும் எதிர்பார்க்கப்படும் பணியை அவர் முன்னரே செய்து காட்டினார்.

ஓர ஆட்டக்காரர் இல்லாத அணி

1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை இங்கிலாந்து வென்றதும் ஓர ஆட்டக்காரரின் காலம் முடிந்துவிட்டதெனப் பலர் கருதினர். பயிற்றுநர் அல்வ் றாம்சே முதல் மூன்று ஆட்டங்களிலும் கொனலி, பெயின், கலகன் என ஆட்டத்துக்கு ஒருவராக ஓர ஆட்டக்காரர் மூவரைச் சோதித்துப் பார்த்தார். அதன் பின்னர் எவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வணிக்குச் 'சிறகில்லா அற்புதர்' என்னும் பெயரும் ஏற்பட்டது.

ஆயின் அவ்வணி பெற்ற கோல்களை ஆராயின் வேறோர் உண்மை புலப்படும். காலிறுதியில் ஆர்ஜென்ரீனாவை வென்ற ஒரேயொரு கோல் எவ்வாறு கிடைத்தது? மாட்டின் பீற்றர்ஸ் இடப்புற ஓரத்திலிருந்து பந்தை அனுப்ப, ஜெவ் ஹேர்ஸ்ற் தலையால் அதனைக் கோலினுட் செலுத்தினார். மேற்கு ஜேர்மனிக்கெதிரான இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்தில், குறுக்குக்கம்பத்திற் பட்டு வீழ்ந்து இன்றுவரை விவாதிக்கப்படும் அக்கோல் எவ்வாறு பிறந்தது? அலன் போல் வலப்புற ஓரமாக ஓடிச்சென்று பந்தை ஹேர்ஸ்றுக்கு அனுப்பியதனாலேயே பிறந்தது. ஓர ஆட்டக்காரர் என்ற பெயருடையவரை றாம்சே நீக்கினார். ஓரத்தின் பணியை அவரால் நீக்க முடியவில்லை. நடுக்களத்தினர் அப்பணியை ஏற்றுக்கொண்டனர். ஆகவே பயிற்றுநர் கற்பிக்கவேண்டியது ஓரத்திற் செய்யப்படும் பணியையே என்பதும், அதனை அணியிற் பலரும் கற்றல் நன்று என்பதும் தெளிவாகின்றன.

நான்காண்டுகளின் பின், 1970 இறுதியாட்டத்தில், பந்தில்லாது ஓர ஆட்டக்காரர் செய்யக்கூடியதற்குச் சிறந்த உதாரணம் கிடைத்தது. அப்போது பிறேசிலின் பயிற்றுநர் சகாலோவே. வலப்புற ஆட்டக்காரரான ஜயர்சின்யோ இடப்புறத்திற்கு நகர்ந்து சென்றார். அவரை ஆளுக்கு ஆளாகக் காத்த இத்தாலியின் பக்கெற்றியும் அவரைத் தொடர்ந்து சென்றார். பிறேசிலின் வலப்புறம் வெறுமையாயிற்று. ஜயர்சின்யோ இடப்புறத்தில் ஏற்ற பந்து பெலேயை அடைந்தது. அவர் அதனை அவ்வெற்றிடத்திற்கு மெல்லத் தள்ள, பின்வரிசையிலிருந்து ஓடிவந்த கார்லோஸ் அல்பேர்ட்டோ கோலாக்கினார். கோல் அடித்தவரின் பெயரே ஏட்டில் நிற்கின்றது. அதற்கு வழி திறந்தது ஜயர்சின்யோவின் இடமாற்றம்.

அண்மைக்காலத்தில் இடக்காலர் வலப்புறத்திலும் வலக்காலர் இடப்புறத்திலும் ஆடுதல் பெருவழக்காகியுள்ளது. உள்ளே வெட்டியதும் பலமான கால் கோலை நோக்கி அமைவதே இதன் அனுகூலம். 2009ஆம் ஆண்டு முதல் பயேர்ண் மியூனிக் கழகத்தில் அர்யென் றொபனும் பிராங்க் றிபெரியும் இவ்வாறு ஆடினர். றொபன் வலப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி இடக்காலால் உதைப்பார் என்பது, கரிஞ்சா வலப்புறம் செல்வார் என்பதைப் போலவே, யாவரும் அறிந்ததாயிருந்தது. ஆயின் அவர் உள்ளே சென்றதும் பின்வரிசையிலிருந்து பிலிப் லாம் வெளிப்புறமாக ஓடிவருவார். எதிரி எவரைக் காப்பதெனத் தடுமாறுவார். 2012-13 பருவகாலத்தில் அக்கழகம் ஜேர்மன் லீக், ஜேர்மன் கிண்ணம், ஐரோப்பியச் சம்பியன் கிண்ணம் ஆகிய மூன்றையும் வென்றதில் இக்கூட்டாட்டத்திற்குப் பங்குண்டு.

வேண்டப்படும் திறன்கள்

மேற்கூறியவற்றிலிருந்து ஓர ஆட்டக்காரருக்கு வேண்டிய திறன்களை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, பந்தை ஏற்றல். முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று பந்தை ஏற்பவர், திரும்புவதற்குள் எதிரியால் நெருக்கப்பட்டுவிடுவார். பக்கக்கோட்டிற்கு முதுகைக் காட்டி, களம் முழுவதையும் பார்க்கத்தக்கதாக உடலைப் பக்கவாட்டில் வைத்து, பந்து வருமுன்பே எதிரியின் நிலையைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். தூரத்துக் காலால் பந்தை ஏற்றால் முதல் தொடுகையே முன்செல்லும் அடியாகிவிடும்.

இரண்டாவது, எதிரியைக் கடத்தல். இதன் அடிப்படை மேலே விளக்கிய வேகமாற்றமே. பார்க்கவேண்டியது எதிரியின் இடுப்பையும் பாதங்களையுமாம். அவருடைய முற்பட்ட பாதத்தின் பக்கமாகப் பந்தைத் தள்ளினால், அவர் உடலைத் திருப்பிய பின்னரே தொடர வேண்டியிருக்கும். கடந்தபின் எதிரியின் ஓடுபாதைக்குக் குறுக்கே தம் உடலைச் செலுத்துதலும் அவசியம். அன்றேல் அவர் மீண்டும் பக்கத்தில் வந்துவிடுவார்.

மூன்றாவது, பந்தை நடுவே அனுப்புதல். எதிரியைக் கடந்துவிட்டுத் தலை நிமிராது கண்மூடித்தனமாக உதைத்தலே இளம் ஆட்டக்காரரிடம் நாம் பெரிதும் காணும் குறை. இறுதித் தொடுகைக்கு முன் தலையை நிமிர்த்தி நோக்கி, நான்கு வகைகளுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். அவை: அண்மைக் கம்பத்தை நோக்கிய தாழ்ந்த விரைவுதை, தூரக் கம்பத்தை நோக்கிய உயருதை, கோல் கோட்டிலிருந்து தண்டனைப் புள்ளியை நோக்கிய பின்னனுப்பல், பின்வரிசைக்கும் கோல் காப்பாளருக்கும் இடைப்பட்ட வெளியில் முன்கூட்டியே செலுத்தப்படும் உதை. முழுவேகத்தில் ஓடும்போது இறுதித் தொடுகையைச் சற்று உட்புறமாகத் தள்ளிக்கொண்டால், இடுப்பைத் திருப்பி உதைப்பதற்கு இடம் கிடைக்கும்.

இங்கு பலவீனமான காலின் பயிற்சி பற்றியும் கூறவேண்டும். 2011ஆம் ஆண்டு மகளிர் உலகக் கிண்ணக் காலிறுதியிற் பிறேசிலிடம் 2-1 எனப் பின்தங்கியிருந்தது ஐக்கிய அமெரிக்கா. மேலதிக நேரமும் முடிவுறும் தறுவாயில், 122ஆவது நிமிடத்தில், மேகன் றப்பினோ இடப்புறத்திலிருந்து நெடுந்தூரம் அனுப்பிய பந்தை அபி வம்பாக் தலையாற் கோலாக்கினார். பின்னர் தண்டனை உதைகளில் ஐக்கிய அமெரிக்கா வென்றது. றப்பினோ வலக்காலர், அப்பந்தை அவர் உதைத்ததோ இடக்காலால். வலக்காலுக்குப் பந்தை மாற்ற அவர் முயன்றிருப்பின் அக்கணம் கழிந்திருக்கும்.

நான்காவது, பந்தில்லாத இயக்கம். கோட்டோடு ஒட்டிநின்று களத்தை விரித்தல், உள்ளே சென்று பின்னிருந்து வருபவருக்கு இடம்விடல், மறு ஓரத்திலிருந்து பந்து வரும்போது தூரக் கம்பத்திற்கு விரைதல் என்பன இதனுள் அடங்கும். ஐந்தாவது, பாதுகாப்பு. பந்து இழக்கப்பட்டதும் அதே கணத்தில் எதிரியை நெருக்குதலும், இயலாதவிடத்துத் தம் பின்வரிசைத் துணைவருக்கு உதவியாகத் திரும்புதலும் வேண்டும். சகாலோவை நாம் மறத்தலாகாது.

பயிற்சி முறைகள்

பயிற்சியானது எளியதிலிருந்து அரியதற்கும், எதிர்ப்பில்லாததிலிருந்து எதிர்ப்புள்ளதற்கும் செல்லுதல் வேண்டும். மரக்கட்டைகளை நிரையாக நட்டு அவற்றிடையே பந்தை வளைத்துச் செல்லும் பயிற்சி தொடக்கத்திற்கு மாத்திரமே ஏற்றது. மரக்கட்டை அசையாது, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றாது. எதிரியின் உடலை வாசிக்கும் திறனை அதனால் அளிக்க முடியாது.

ஆகையால் உயிருள்ள எதிரியோடு ஒருவருக்கொருவர் ஆடும் பயிற்சியே நடுநாயகமாக அமைய வேண்டும். ஏறத்தாழ 12 மீற்றர் அகலமும் 20 மீற்றர் நீளமுமுள்ள ஒடுங்கிய கட்டத்தைப் பக்கக்கோட்டை ஒட்டி வரைந்து, எதிரியைக் கடந்து மறுமுனையை அடையும்படி பணிக்கலாம். முதலில் எதிரி நடந்து மாத்திரம் தடுக்கட்டும். பின்னர் முழுமையாகத் தடுக்கட்டும். அதன் பின்னர் கட்டத்தின் முடிவில் இருவரை நடுவே ஓடவிட்டு, கடந்தவர் அவர்களுள் உரியவருக்குப் பந்தை அனுப்பும்படி செய்யலாம். கடத்தலும் நோக்கலும் அனுப்பலும் அப்போதே ஒரே செயலாக இணையும்.

அடுத்ததாக இருவருக்கு எதிராக ஒருவர் நிற்கும் பயிற்சி. ஓர ஆட்டக்காரரும் அவருக்குப் பின்னுள்ள துணைவரும் சேர்ந்து ஓர் எதிரியைச் சந்திக்கட்டும். எதிரி வெளிப்புறத்தை மூடினால் உள்ளே. உட்புறத்தை மூடினால் வெளியே ஓடுபவருக்குப் பந்து. பயிற்றுநர் விடையைக் கூறாது, எதிரியின் நிலையே விடையைக் கூறும்படி விட்டுவிடுதல் சிறந்தது. "இப்போது உதை, இப்போது ஓடு" எனக் கோட்டுக்கு வெளியே நின்று ஓயாது கூவும் பயிற்றுநர் மாணவனின் கால்களுக்குப் பயிற்சி அளிப்பினும் அவனுடைய தீர்மானத்தைப் பறித்துக்கொள்கின்றார்.

வேகப் பயிற்சியில் 5 முதல் 20 மீற்றர் வரையிலான குறுந்தூரப் பாய்ச்சல்களே முதன்மை பெற வேண்டும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பின் போதிய ஓய்வு இன்றியமையாதது. ஓய்வின்றிச் செய்யப்படும் பாய்ச்சல் களைப்பைத் தாங்கும் ஆற்றலை வளர்க்குமேயன்றி வேகத்தை வளர்க்காது. இவற்றைப் பயிற்சியின் தொடக்கத்தில், உடல் சூடேறிய பின், களைப்படையுமுன் செய்தல் வேண்டும். நடந்து வந்து பாய்தல், பின்னோக்கி வந்து திரும்பிப் பாய்தல், பந்தோடு மெல்லச் சென்று பாய்தல் என வகைகளை மாற்றினால் அது வேகமாற்றப் பயிற்சியாகவும் அமையும். இதற்கு மாறாக, நடுவே அனுப்பும் பயிற்சியில் ஒரு பகுதியைக் களைத்தபின் செய்வது பொருந்தும்; ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் அவ்வாறே செய்ய நேரிடும்.

பதின்மூன்று வயதிற்குட்பட்ட சிறுவரை ஓரிடத்திற்கு மாத்திரம் உரியவராக ஒதுக்கிவிடுதல் கூடாது. ஓரப் பின்வரிசையில் ஆடிப் பார்த்தவனுக்கே, பின்வரிசையினர் எதற்கு அஞ்சுவர் என்பது தெரியும். நடுக்களத்தில் ஆடிப் பார்த்தவனுக்கே எப்புறமும் பார்த்து ஆடும் பழக்கம் அமையும். நால்வருக்கு நால்வராகச் சிறு களத்தில் ஆடும் ஆட்டங்களில் ஒவ்வொருவரும் பந்தைப் பலமுறை தொடுகின்றனர். பெருங்களத்தின் ஓரத்தில் தனித்து விடப்பட்ட சிறுவனோ பெரும்பாலும் பார்வையாளனாகவே நிற்கின்றான்.

உடலைப் பேணல்

முழுவேகத்திற் பாய்தல் பின்தொடைத் தசைகளுக்குப் பெரும் சுமையாகும். இத்தசைக் காயமே ஓர ஆட்டக்காரரைப் பெரிதும் வருத்துவது. முழந்தாளில் நின்று, துணைவரொருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெல்ல முன்சாயும் 'நோர்டிக்' பயிற்சி இக்காயத்தைக் குறைக்கின்றதென ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் 'ஃபிபா 11+' என்னும் ஆயத்தப் பயிற்சித் திட்டத்திலும் இது இடம்பெறுகின்றது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிவுறும் அத்திட்டத்திற்குப் பந்தையும் மைதானத்தையும் தவிர வேறு கருவிகள் பெரிதாகத் தேவையில்லை. செலவின்மை காரணமாக எப்பாடசாலையும் இதனை மேற்கொள்ளலாம்.

காயத்தோடு ஒருவரை ஆடவைப்பதன் விளைவை எண்ணும்போது கரிஞ்சாவின் பிற்கால வாழ்வு எம் மனத்திற்கு வருகின்றது. முழங்கால் நோவோடு அவர் தொடர்ந்து ஆடினார்; முப்பது வயதிலேயே அவருடைய ஆட்டம் தளரத் தொடங்கிற்று. மது அவரை அழித்தது. 1983 ஜனவரி 20ஆந் திகதி, ஐம்பது வயதை எய்துமுன்னரே அவர் காலமானார். மத்தியூஸ் ஐம்பது வயதிலும் களத்தில் நின்றார். இருவரிடத்தும் இருந்த திறமை ஒப்பற்றது. தந்தையாரின் கண்டிப்பும் ஒழுங்கான வாழ்வும் ஒருவரைக் காத்தன. மற்றவரைக் காக்க வேண்டியோர் அவரால் வரும் வெற்றிகளையே எண்ணியிருந்தனர் எனக் கூறின் அது மிகையாகாது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஓட்டவேகம் ஓர ஆட்டக்காரருக்கு உதவும் ஒரு செல்வம். ஆயின் அது அவருடைய கலையன்று. வேகத்தை மாற்றும் கணத்தை அறிதல், அனுப்புமுன் நோக்குதல், இரு கால்களையும் பழக்குதல், பந்தின்றியும் பயன்படுதல், இழந்ததை மீட்க உழைத்தல் என்னும் ஐந்துமே அக்கலையின் உறுப்புகள். இவை யாவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. மத்தியூசின் வயதும் கரிஞ்சாவின் வளைந்த கால்களும் இதற்குச் சான்று பகர்கின்றன.

எனவே அணியைத் தெரிவுசெய்யும் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. விரைந்து ஓடும் சிறுவனை ஓரத்தில் நிறுத்துவதில் தவறில்லை. அங்கே நிறுத்திவிட்டு அவனை மறந்துவிடுதலே தவறு. அவனுக்கு எதிரியின் பாதங்களைப் பார்க்கக் கற்பியுங்கள். மற்றக் காலால் உதைக்கக் கற்பியுங்கள். தீர்மானிக்கும் உரிமையையும், தீர்மானித்துத் தவறும் உரிமையையும் அளியுங்கள். அவனோடு பயிலும் மெல்ல ஓடும் சிறுவனையும் ஒருமுறை அவ்வோரத்தில் நிறுத்திப் பாருங்கள். வேகம் குன்றியதனாலேயே எதிரியை வாசிக்கப் பழகிய ஒருவன் அவனுள் இருத்தலும் கூடும்.